வரி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். போட்டது யார் என்றும் கேளுங்கள்



2025ஆம் ஆண்டு பிறந்ததிலிருந்து மண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடை நண்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டு வருகிறார்கள். "அண்ணாச்சி, கனடாவை அமெரிக்கா எடுத்துக் கொள்ளப் போகிறதாமே, உண்மையா? மைசூர் பருப்பு வருமா, வராதா? இப்போதே நாலு மூட்டை கூடுதலாக எடுத்துப் போடலாமா?" தொலைக்காட்சியில் ஒரு மாதிரி சொல்கிறார்கள், கைப்பேசியில் வேறு மாதிரி செய்தி வருகிறது. எதை நம்புவது என்று தெரியாமல் கடைக்காரர் திண்டாடுகிறார்.

ஏழு கடலுக்கு அப்பால் நடக்கும் அரசியல் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நாம் விற்கும் மைசூர் பருப்பிலும் மஞ்சள் பட்டாணியிலும் ஒரு பங்கு கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்து வயல்களில் விளைந்து கப்பலேறி வருவது. அந்த நாட்டின் சரக்கை யார் வாங்குகிறார், யார் தடுக்கிறார் என்பதைப் பொறுத்து நம் கடை விலைப் பலகை மாறுகிறது. ஆகவே இது ஊர் வம்பு அல்ல, நம் கொள்முதல் சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் அரசியல் படித்தவன் அல்லன். பள்ளிப் படிப்போடு மண்டியில் உட்கார்ந்தவன். ஆனால் வரி என்றால் என்ன, அது யார் தலையில் விழும் என்பது நாற்பது ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். அந்த அறிவை வைத்தே இந்தத் தகராறைப் புரிந்து கொள்ளலாம் என்பது என் கருத்து. எந்த வரி அறிவிப்பு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். போட்டது யார்? எந்தச் சட்டத்தின் கீழ்? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டு நாட்டு ஆட்சி முறை

கனடாவின் ஆட்சி ஏறக்குறைய நம்முடையது போன்றதே. மக்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர் ஆதரவு யாருக்கோ அவர் பிரதமர். சபையில் ஆதரவு போனால் பதவியும் போகும். 10 மாநிலங்கள், 3 ஆட்சிப் பகுதிகள். மாநில முதல்வர்களுக்குச் செல்வாக்கு அதிகம்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. அதிபரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு அவரைச் சாதாரணமாக அசைக்க முடியாது. சட்டம் இயற்றுவதும் வரி விதிப்பதும் காங்கிரஸின் வேலை. அங்கே காங்கிரஸ் என்பது கட்சியின் பெயர் அல்ல, நாடாளுமன்றத்தின் பெயர். 435 பேர் கொண்ட கீழ்ச்சபையும் 100 பேர் கொண்ட செனட் சபையும் சேர்ந்ததுதான் காங்கிரஸ். இறக்குமதித் தீர்வை விதிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் இந்தக் காங்கிரஸின் கையில்தான் கொடுத்திருக்கிறது. அதிபரின் கையில் அல்ல. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக் கொண்டால், பின்னால் நான் சொல்லப் போவது எளிதாக விளங்கும்.

நடந்தது என்ன?

2024 நவம்பர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் வென்று 2025 ஜனவரி 20 அன்று இரண்டாம் முறை அதிபரானார். பதவிக்கு வருமுன்பே, கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாகச் சேர வேண்டும் என்று பேச ஆரம்பித்திருந்தார். பதவியேற்ற பன்னிரண்டாம் நாள், பிப்ரவரி 1 அன்று, கனடாச் சரக்கு அனைத்துக்கும் 25 சதவீதத் தீர்வை என்று உத்தரவில் கையெழுத்திட்டார். எண்ணெய், எரிவாயு போன்றவற்றுக்கு மட்டும் 10 சதவீதம். போதை மருந்தும் குடியேறிகளும் எல்லை தாண்டி வருவது நாட்டுக்கே அவசர நிலை என்று காரணம் சொல்லப்பட்டது.

அதன் பிறகு நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். பிப்ரவரி 3: ஒரு மாதம் ஒத்திவைப்பு. மார்ச் 4: தீர்வை அமலுக்கு வந்தது, அன்றே கனடா 3,000 கோடி கனடிய டாலர் மதிப்புள்ள அமெரிக்கச் சரக்குக்கு 25 சதவீதப் பதில் வரி போட்டது. மார்ச் 6: வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்துக்கு உட்பட்ட சரக்குக்கு விலக்கு. மார்ச் 12: எஃகு, அலுமினியத்துக்கு 25 சதவீதம். ஏப்ரல் 3: கார்களுக்கு 25 சதவீதம். ஜூன் 4: எஃகும் அலுமினியமும் 50 சதவீதம். ஆகஸ்ட் 1: ஒப்பந்தத்துக்கு உட்படாத கனடாச் சரக்குக்கு 35 சதவீதம். செப்டம்பர் 1: கனடா தன் பதில் வரிகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது.

இன்னும் ஒன்று. அக்டோபர் மாதம் ஒன்டாரியோ மாநில அரசு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. தீர்வைகள் தீங்கானவை என்று அமெரிக்க முன்னாள் அதிபர் ரீகன் 1987இல் வானொலியில் பேசியதன் பகுதிகள் அதில் இருந்தன. அதைக் கண்டு கோபம் கொண்ட டிரம்ப், கனடாவோடு நடந்து வந்த வர்த்தகப் பேச்சு முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ஒரு விளம்பரத்தால் இரு நாட்டு வர்த்தகப் பேச்சு நின்றது!

நண்பர்களே, ஒரு கடைக்காரனாக இந்தப் பட்டியலைப் பாருங்கள். சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் நாளில் ஒரு வரி, லாரி கிளம்பும் நாளில் ஒரு வரி, எல்லையைத் தொடும் நாளில் ஒரு வரி. இதில் எந்த விலையை வைத்து அவன் கொள்முதல் செய்வான்? எந்த விலையை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுப்பான்?

வரியைக் கட்டுபவன் யார்?

இங்கே ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். அமெரிக்கா வரி போட்டால் அதைக் கனடா கட்டுகிறது என்று படித்தவர்கள் கூடப் பேசுகிறார்கள். சரக்கை இறக்குபவன்தான் சுங்கத்தில் வரி கட்ட வேண்டும். 100 டாலர் சரக்குக்கு 25 சதவீதம் என்றால், அந்த 25 டாலரை அமெரிக்க இறக்குமதியாளர் தன் சொந்த அரசாங்கத்துக்குக் கட்டுகிறார். பிறகு, கனடாக்காரரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். கொஞ்சம் தன் லாபத்தில் தாங்குவார். மீதியைச் சில்லறை விலையில் ஏற்றுவார். தூத்துக்குடியில் பருப்பு இறக்கும் எந்த வியாபாரியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

அப்படியிருந்தும் அமெரிக்க மக்கள் இவருக்கு ஏன் வாக்களித்தார்கள்? அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குவது நியாயம் ஆகாது. ஒஹையோ, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கின்றன. 2022 ஜூனில் அங்கே விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளில் காணாத ஏற்றம். முட்டையும் மாவும் வாங்கப் போன குடும்பத் தலைவி ஆட்சியில் இருந்தவர்கள் மீது கோபப்பட்டார். அந்தக் கோபம் உண்மையானது. விலையைக் குறைப்பேன் என்றவரை நம்பினார்கள்.

கனடாவும் சுத்தமான கை என்று சொல்வதற்கில்லை. தன் பால் பண்ணையாளர்களைக் காப்பாற்ற, ஒதுக்கீட்டு அளவுக்கு மேல் வரும் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டிக்கு 200 சதவீதத்துக்கும் மேல் தீர்வை வைத்திருக்கிறது. நம் நாடும் எண்ணெய்க்கும் பருப்புக்கும் வரி போடாமலா இருக்கிறது? ஆகவே வரி போடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. உள்நாட்டு விவசாயியைக் காக்க வரி தேவைப்படும் நேரம் உண்டு. ஆனால் கனடாவின் பால் தீர்வை எவ்வளவு என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், ஏற்றிய வண்டி எல்லைக்குப் போவதற்குள் அது மாறிவிடாது. அதிக வரியை வியாபாரி தாங்கிக் கொள்வான். நாளைக்கு என்னவாகும் என்று தெரியாத வரியைத்தான் தாங்க மாட்டான்.

கனடா மக்கள் செய்தது

2025 தொடக்கத்தில் கனடாவில் லிபரல் கட்சி படுத்த படுக்கையாகக் கிடந்தது. பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ ஜனவரி 6 அன்று விலகப் போவதாக அறிவித்தார். கருத்துக் கணிப்புகளில் எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் முன்னால் நின்றது. வீட்டு வாடகை, மளிகை விலை, கார்பன் வரி ஆகியவற்றை வைத்து அதன் தலைவர் பியர் பொலிவர் நன்றாகப் பிரசாரம் செய்து வந்தார்.

அந்த நேரத்தில்தான் 51ஆவது மாநிலம் என்ற பேச்சும் தீர்வையும் வந்தன. மார்ச் 14 அன்று மார்க் கார்னி பிரதமரானார். அதுவரை எந்தத் தேர்தலிலும் நிற்காதவர். கனடாவின் மத்திய வங்கிக்கும் இங்கிலாந்தின் மத்திய வங்கிக்கும் ஆளுநராக இருந்தவர். எதிர்க்கட்சியின் முக்கிய ஆயுதமாக இருந்த கார்பன் வரியைப் பொதுமக்கள் தலையிலிருந்து ஏப்ரல் 1 முதல் எடுத்துவிட்டார். ஏப்ரல் 28 தேர்தலில் 343 இடங்களில் லிபரல் கட்சி 169 பெற்றது, கன்சர்வேட்டிவ் 144. பெரும்பான்மைக்கு மூன்று இடம் குறைவு என்றாலும் ஆட்சி அமைத்தது. பொலிவர் 2004 முதல் வைத்திருந்த சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். பிறகு ஆகஸ்டில் வேறு தொகுதியின் இடைத்தேர்தலில் வென்றுதான் சபைக்குத் திரும்பினார்.

கனடா வாக்காளருக்கு வாடகையும் விலைவாசியும் மறந்துவிடவில்லை. ஆனால் வீட்டு வாசலில் வந்து நின்று 'உன் வீடு எனக்கு வேண்டும்' என்று ஒருவன் சொல்லும்போது, வீட்டுக்குள் இருக்கும் அண்ணன் தம்பி சண்டையைத் தள்ளி வைப்பார்கள் அல்லவா? அதுதான் நடந்தது. 51ஆவது மாநிலம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அமெரிக்காவில் ஒரு புதிய மாநிலத்தைச் சேர்ப்பதற்குக் காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும்; அதிபரின் பேச்சு மட்டும் போதாது. கனடா மக்களோ வாக்குப் பெட்டியில் தங்கள் விடையைச் சொல்லிவிட்டார்கள்.

அங்கே கடைக்காரர்கள் நடந்து கொண்ட விதம் நாம் அறிய வேண்டியது. ஒன்டாரியோவில் மதுவை அரசு நிறுவனமே மொத்தமாக வாங்கி விற்கிறது. நம் டாஸ்மாக் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். மார்ச் 4 அன்று அது அமெரிக்க மதுப் புட்டிகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கியது. மளிகைக் கடைகளில் கனடாப் பொருளுக்கு மேப்பிள் இலை அடையாளம் வைத்தார்கள். லோப்லா என்ற பெரிய மளிகை நிறுவனம், பதில் வரியால் விலை ஏறிய அமெரிக்கப் பொருளுக்கு அருகில் 'டி' என்ற எழுத்தைப் பொறித்தது. 'இந்த விலை ஏற்றம் எங்கள் லாபத்துக்காக அல்ல, வரியால் வந்தது' என்று வாடிக்கையாளருக்கு அந்த ஒற்றை எழுத்து சொல்லிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த எழுத்துதான். நாமோ விலை ஏறும்போதெல்லாம் வாடிக்கையாளரின் வசவை மௌனமாக வாங்கிக் கொள்கிறோம். 'கடைக்காரன் பதுக்கிவிட்டான்' என்று ஊரே சொல்லும். வரியால் எவ்வளவு, வண்டி வாடகையால் எவ்வளவு என்று ஒரு சிலேட்டில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு நாட்டுச் சரக்கை அலமாரியிலிருந்து இறக்குவது எளிது. வாடிக்கையாளர் வேறு ருசிக்குப் பழகிவிட்டால் திரும்ப ஏற்றுவது கடினம். அங்கே உள்ள சிறு மது உற்பத்தியாளர் இந்தச் சண்டையை ஆரம்பித்தவர் அல்லர். அடிபட்டவர் மட்டும் அவர்.

சிறு வியாபாரிகள் போட்ட வழக்கு

இனி நான் சொல்லப் போவதை நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

இந்த வரிகளில் பெரும் பகுதியை அதிபர் 1977ஆம் ஆண்டின் ஓர் அவசர நிலைச் சட்டத்தின் கீழ் போட்டார். அந்தச் சட்டத்தில் இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தலாம்' என்ற பொருளில் ஒரு சொல் உண்டு. தீர்வை என்ற சொல்லே கிடையாது. அவருக்கு முன் எந்த அதிபரும் அந்தச் சட்டத்தைக் கொண்டு தீர்வை விதித்ததில்லை. செனட் சபை 2025 ஏப்ரல் 2 அன்று கனடா மீதான அவசர நிலையை முடிக்க வேண்டும் என்று 51-க்கு 48 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. அதிபரின் சொந்தக் கட்சியினர் நால்வரும் அதற்கு வாக்களித்தார்கள். ஆனால் கீழ்ச்சபை அதை எடுத்துக் கொள்ளாததால் அது அப்படியே நின்றது. பெரிய பெரிய நிறுவனங்களின் முதலாளிகள் அதிபர் மாளிகைக்குப் போய்ச் சலுகை கேட்டுக் கொண்டிருந்தார்கள்.

வழக்கு மன்றத்துக்குப் போனவர்கள் யார் தெரியுமா? நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு குடும்ப நிறுவனம், வி.ஓ.எஸ். செலக்ஷன்ஸ். அதோடு மீன்பிடிச் சாதனம் விற்பவர், பிளாஸ்டிக் குழாய் செய்பவர், சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கு ஆடை விற்பவர், பிள்ளைகளுக்கான மின்னணுப் பாடக் கருவி செய்பவர் என்று நான்கு சிறு வணிகர்கள். தனியாக, இல்லினாய் மாநிலத்தின் லேர்னிங் ரிசோர்சஸ் என்ற பாட விளையாட்டுப் பொருள் நிறுவனமும் வழக்குத் தொடுத்தது. பன்னிரண்டு மாநில அரசுகளும் வழக்காடின.

2025 மே 28 அன்று சர்வதேச வர்த்தக நீதிமன்றம் வியாபாரிகள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 7-க்கு 4 என்று அதை உறுதி செய்தது. கடைசியில் 2026 பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் அதிபருக்குத் தீர்வை விதிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அதிபர் டிரம்ப் தாமே நியமித்த நீதிபதிகளில் இருவர் அந்த ஆறு பேரில் இருந்தார்கள்.

சிறு வணிகர்கள் சேர்ந்து நின்று, 'வரி போடும் கை உங்களுடையது அல்ல, மக்கள் சபையுடையது' என்று உலகத்தின் மிகப் பலம் வாய்ந்த பதவியில் இருப்பவரிடம் சட்டப்படி சொல்லி வென்றிருக்கிறார்கள். கடையை அடைக்கவில்லை, கல் எறியவில்லை. பில்லையும் சுங்க ரசீதையும் எடுத்துக் கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அதோடு கதை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எஃகு, அலுமினியம், கார் வரிகள் 1962ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின் கீழ் போடப்பட்டவை. தீர்ப்பு அவற்றைத் தொடவில்லை. கட்டிய பணம் திரும்ப எப்படிக் கிடைக்கும் என்பதையும் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பு வந்த அன்றே அதிபர் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை எடுத்து, எல்லா நாடுகளுக்கும் புதிதாக 10 சதவீதம் என்று அறிவித்தார். ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். அந்தச் சட்டத்தில் உச்ச அளவு 15 சதவீதம். காலம் 150 நாள். அதற்கு மேல் வேண்டுமானால் காங்கிரஸ் ஒப்புக்கொள்ள வேண்டும். அதாவது வரிக்கு ஓர் அளவும் ஒரு தேதியும் வந்துவிட்டன. வியாபாரிக்கு அதுவே பெரிய ஆதாயம். எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்கச் சொன்னேனே, அதன் பயன் இதுதான்.

ஆட்சி முடங்கினால் மளிகைக் கடை என்னவாகும்?

அமெரிக்க அரசியல் மளிகைக் கடைக்குள் நுழைந்த இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள், செலவுக்கான மசோதாவில் இரு கட்சிகளும் உடன்படாததால் மத்திய அரசாங்கமே முடங்கியது. அதுவரை அந்த நாடு கண்டிராத நீண்ட முடக்கம் அது.

அங்கே நம் நியாயவிலைக் கடை போன்ற ஏற்பாடு கிடையாது. ஏழைகளுக்கு அரசு ஓர் அட்டையில் மாதம் ஒரு தொகை போடும். அவர்கள் அதைக் கொண்டு சாதாரண மளிகைக் கடையில் உணவுப் பொருள் வாங்குவார்கள். அப்போது ஏறக்குறைய 4.2 கோடிப் பேர் இந்த உதவியில் இருந்தார்கள். முடக்கத்தால் நவம்பர் மாதத் தொகை பலருக்கு உரிய நாளில் வரவில்லை. ஏழைகள் குடியிருக்கும் தெருவில் கடை வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தக் கட்சிக்காரராகவும் இருக்கலாம். அட்டையில் பணம் இல்லையென்றால் அவர் கல்லாவிலும் பணம் இல்லை. வாங்கி வைத்த பாலும் ரொட்டியும் கெட்டுப் போகும். தலைநகரில் இரண்டு கட்சிகள் முறைத்துக் கொண்டு நின்றதற்குக் கடைசியில் கடனுக்குச் சாமான் கொடுக்க வேண்டியவர் தெருமுனைக் கடைக்காரர்.

நமக்கு இதில் என்ன?

கனடாவின் ஏற்றுமதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு அமெரிக்காவுக்கே போய்க் கொண்டிருந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தினால் என்னவாகும் என்பது நமக்குத் தெரியும். கனடா இப்போது மற்ற வாடிக்கையாளரைத் தேடுகிறது.

இன்னொரு பக்கம், கனடா 2024 அக்டோபரில் சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீத வரி போட்டது. பதிலுக்குச் சீனா 2025 மார்ச் 20 முதல் கனடாவின் கடுகு இனமான கனோலா எண்ணெய்க்கும், பட்டாணிக்கும் 100 சதவீத வரி போட்டது. காருக்குப் போட்ட வரி பட்டாணி விவசாயி தலையில் வந்து விழுந்தது. சீனா வாங்காத பட்டாணி எங்கே போகும்? நம்மைப் போன்ற நாட்டை நோக்கித்தான் வரும். 2026 ஜனவரியில் கார்னி பெய்ஜிங் சென்று பேசி, சில சீனக் கார்களுக்கு வரியைக் குறைத்து, தன் விளைபொருளுக்கு வழி திறக்க உடன்பாடு செய்து கொண்டார். சீனக் கதவு திறந்தால் நமக்கு வரும் பட்டாணியின் விலை ஒரு மாதிரி, மூடினால் வேறு மாதிரி. அதனால்தான் சொன்னேன், இது ஊர் வம்பு அல்ல என்று.

2023 செப்டம்பரில் நம் நாட்டுக்கும் கனடாவுக்கும் தகராறு வந்தது நினைவிருக்கும். அங்கே ஒரு சீக்கியப் பிரமுகர் கொலையில் நம் நாட்டுக்குத் தொடர்பு உண்டு என்று ட்ரூடோ குற்றம் சாட்டினார். நம் அரசு மறுத்தது. இரு தரப்பும் தூதர்களை வெளியேற்றின. அப்போதே 'இனி மைசூர் பருப்பு வராது' என்ற வதந்தி சந்தையில் கிளம்பியது. ஆனால் பருப்பு வரத்து நிற்கவில்லை. தூதர்கள் போனார்கள், பருப்பு வந்தது. 2025 ஜூனில் மோடியும் கார்னியும் சந்தித்து மறுபடியும் தூதர்களை அனுப்ப உடன்பட்டார்கள். வதந்தியை நம்பிச் சரக்கை அடுக்குபவருக்கு வட்டியும் வண்டும்தான் மிச்சம். பதறாத காரியம் சிதறாது.

இனி நம் வீட்டுக் குறையையும் பேச வேண்டும். மஞ்சள் பட்டாணிக்கு 2017 நவம்பரில் 50 சதவீத வரி வந்தது. 2023 டிசம்பரில் வரியே இல்லை என்றார்கள். அந்தச் சலுகையைச் சில மாதங்கள், சில மாதங்கள் என்று பல முறை நீட்டினார்கள். 2026 மார்ச் 31 வரை என்று நீட்டியிருந்த நிலையில், 2025 நவம்பர் 1 முதல் 30 சதவீதம் என்று மாற்றினார்கள். நம் கடலை விவசாயியும் துவரை விவசாயியும் விலை கிடைக்காமல் தவித்தார்கள் என்பது உண்மை. அவர்களுக்காக வரி போடுவதை நான் எதிர்க்கவில்லை. அக்டோபர் 31க்குள் கப்பலேற்றிய சரக்குக்கு விலக்குக் கொடுத்ததையும் பாராட்ட வேண்டும். ஆனால் ஒரு தேதியைச் சொல்லிவிட்டு அதற்கு ஐந்து மாதம் முன்பே மாற்றினால், அந்தத் தேதியை நம்பி ஒப்பந்தம் போட்ட வியாபாரியின் கதி என்ன? அமெரிக்கக்காரர் மாற்றினால் கோமாளித்தனம், நாம் மாற்றினால் கொள்கையா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதையாக இருக்கக் கூடாது.

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. உணவுப் பொருள் இறக்குமதி வரியில் எந்த மாற்றம் செய்தாலும் குறைந்தது தொண்ணூறு நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கப்பலேறிய சரக்குக்கு எப்போதும் விலக்கு உண்டு என்பதை ஒவ்வொரு முறையும் கருணையாகத் தராமல் விதியாகவே எழுத வேண்டும். அறிவித்த தேதியை இடையில் மாற்றக் கூடாது. இந்த மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்றி மத்திய அரசுக்கும் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும். வரியைக் குறை என்று நாம் கேட்டால் 'வியாபாரி பேராசை' என்பார்கள். வரியை நிலையாக வை என்று கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது; விவசாயிக்கும் அது நன்மையே.

சில்லறைக் கடை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வரும் நாட்களிலும் அமெரிக்காவிலிருந்து செய்திகள் வந்து கொண்டேயிருக்கும். வட அமெரிக்க ஒப்பந்தத்தின் மறுஆய்வுக்கு 2026 ஜூலை 1 என்றும், காங்கிரஸ் தேர்தலுக்கு 2026 நவம்பர் 3 என்றும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அதையொட்டி மிரட்டலும் சமாதானமும் மாறி மாறிக் கேட்கும். ஒருவர் பேசியதற்கெல்லாம் மூட்டை வாங்கவும் வேண்டாம், மூட்டையைத் தள்ளவும் வேண்டாம். கையெழுத்தான உத்தரவு வந்ததா, அதில் எந்தச் சட்டம், எந்தத் தேதி என்று பாருங்கள். பிறகு உங்கள் வழக்கமான விற்பனைக்குத் தேவையான அளவு மட்டும் கொள்முதல் செய்யுங்கள்.

நியூயார்க்கின் ஒயின் வியாபாரியும் நம் ஊர்ப் பருப்பு வியாபாரியும் ஒரே ஜாதிதான். கணக்கு எழுதிப் பிழைக்கும் ஜாதி. வரி கட்ட நாம் தயங்குவதில்லை. அதைப் போடும் உரிமை உள்ளவர், போட வேண்டிய முறையில், முன்கூட்டிச் சொல்லிப் போட வேண்டும் என்று கேட்கிறோம், அவ்வளவுதான். இதைக் கேட்பது வணிகனின் உரிமை மட்டுமல்ல, குடிமகனின் கடமையும் ஆகும். அடுத்த பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தை முன்மொழிய நான் தயார். வழிமொழிய நீங்கள் வாருங்கள்.